காஞ்சியின் திண்ணைப் பள்ளிகள்

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர் பெரும்பாலும் ஏகாம்பரநாதர் ஆலயத்துக் கோபுரத்திலோ, வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்திலோ தொடங்கி, கல்வியைப் பற்றிய பேச்சு வந்ததும் பல்லவர் காலத்து உயர்கல்விக் கூடமான கடிகையை நினைவுகூர்ந்து அமைவதே வழக்கம். கதம்ப குலத்து மயூரசர்மன் தன் ஆசாரியர் வீரசர்மனுடன் வேத சாஸ்திரங்களை முற்றக் கற்கும்பொருட்டு இந்நகரின் கடிகையை நாடி வந்த செய்தி, கன்னட நாட்டுத் தாளகுந்தா கல்வெட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெருமை நமக்கு உரியதே. ஆயினும், பிள்ளையார்பாளையத்து நெசவாளியின் மகனுக்கு எழுத்தறிவித்தது கடிகை அன்று. ஏதோ ஒரு வீட்டின் வாயிற்புறத்தில், தாழ்ந்த கூரையின் நிழலில், மரத்தூண்களுக்கு நடுவே கிடந்த ஒரு திண்ணை. ஓர் அறையேனும் இல்லாத அந்தப் பள்ளிக்கூடமே இவ்வூரின் மெய்யான கலாசாலை என்பது என் துணிபு.

விஜயதசமியன்று நெல்லில் விரல் பிடித்து எழுதத் தொடங்கிய பிள்ளை, பின்பு மணலில் எழுதிக் கை படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும் பெறுவான். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று பாடம் ஏறும். எண்சுவடியோ தனி உலகம். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒன்று, மா என்றால் 20-இல் ஒன்று என்று தொடங்கி, இவற்றின் பெருக்கத்தையெல்லாம் ஒரு பிள்ளை முறை வைத்துச் சொல்ல, மற்றவர் உரத்த குரலில் திரும்பச் சொல்லிச் சொல்லியே மனத்தில் பதித்துக்கொள்வர். பட்டுநூலை நிறுத்து வாங்கிச் சேலைக்குக் கூலி பேசும் குடும்பத்துக்கு இதனினும் உபயோகமான வித்தை ஏது?

1823-இல் பல்லாரி ஜில்லாக் கலெக்டர் காம்பெல் எழுதிய அறிக்கையில் இத்தகைய பள்ளிகளின் ஓர் அழகிய வழக்கம் காணப்படுகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் நாமம். இரண்டாமவனுக்கு வெறும் சுழி. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு என, பின்வருவோர்க்கு ஒவ்வொன்றாக ஏறும். ஆசிரியர் ஒருவரே ஆதலால், மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையே சிறுவர்க்குப் பாடம் சொல்வான். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் விடுதியில் கைக்கொண்டார். மாணாக்கனே மாணாக்கனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்திப் பார்த்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை என்ற பெயரால் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. திண்ணையின் மணல் அவ்வளவு தூரம் சென்றது.

கவர்னர் தாமஸ் மன்றோ எடுப்பித்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் அன்று 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று 1826-இல் அவரே குறித்தார். எனினும் உண்மையை மறைப்பதற்கில்லை: பெண்குழந்தைகள் அங்கு அரிதாகவே அமர்ந்தனர், தீண்டாமையின் கொடுமையால் ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கோ அத்திண்ணையில் இடமே இல்லை. அந்தக் குறையை நீக்கும் வழியை நவீன பாடசாலைகளே திறந்தன. பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற தர்மத்தால் 1842-இல் சென்னையில் எழுந்த பள்ளிக்குப் பின் காஞ்சியிலும் அவர் பெயரால் பள்ளி அமைந்தது. 1909-இல் இவ்வூரில் பிறந்த அண்ணாதுரை பயின்றது அங்கேதான்.

திண்ணை ஓய்ந்தது, தறி ஓயவில்லை. உடலுக்கு ஒரு வண்ணமும் கரைக்கு வேறு வண்ணமுமாகக் கோர்வைச் சேலை நெய்வதற்கு, நெசவாளியின் அருகிலமர்ந்து கரை நாடாவை வீச இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் ஒரு பாலகனுடையதாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதில் தறிக்குழியில் கால் வைத்த பிள்ளைகளை நினைக்கையில், முகூர்த்தப் பட்டின் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்கிறது. கடந்த நூற்றாண்டின் இறுதியில் அவர்களை மீட்டு, விட்ட படிப்பைத் தொடரச் செய்தவை, திண்ணையைப் போலவே எளிய இணைப்புப் பள்ளிகளே.

காஞ்சிக்கு வரும் அன்பர்கள் கோபுர தரிசனம் முடிந்தபின் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலும் சற்றே நடந்து, எஞ்சியுள்ள திண்ணைகளைப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய எண்சுவடி ஏடு ஏதேனும் கிடந்தால், அதை அடுப்பிலும் ஆற்றிலும் இட்டுவிடாமல், சென்னை உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் போன்ற ஓரிடத்தில் ஒப்படைத்து உதவுங்கள்.