காணாமற்போன பிள்ளையும் நம்பப்படாத தாயும்

மர்மக் கதைகளை வாசிப்பதிலும் மர்மத் திரைப்படங்களைப் பார்ப்பதிலும் எனக்குச் சிறுவயது முதலே விருப்பம் அதிகம். கொலை, களவு, துப்பறிதல் என்று இக்கதைகளில் பல வகைகள் உண்டு. அவற்றுள் என் மனத்தை மிகவும் அலைக்கழித்தவை வீட்டுக்குள்ளே நிகழும் கதைகள்தாம். அவற்றில் பேய் பிசாசு வருவதில்லை. ஒரு வீடு, ஒரு தாய், அவளுக்கு நெருங்கிய உறவினர் ஓரிருவர், காணாமற்போன ஒரு பிள்ளை, இவ்வளவுதான் இருக்கும். மனிதரின் மனத்துக்குள்ளேயே பயத்தை வளர்ப்பதனால் இவற்றை உளவியல் மர்மக் கதைகள் என்பர். காணாமற்போதல் என்ற சொல்லின் பாரத்தை நம் நாட்டில் வளரும் மாணவர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய கதைகள் பலவற்றைப் படித்தும் பார்த்தும் வந்ததில் ஒரு விடயத்தை நான் கவனித்தேன். கதை தொடங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, "பிள்ளை எங்கே?" என்பதாகும். சிறிது நேரத்தில் அந்தக் கேள்வி மறைந்து, "தாய் சொல்வது உண்மையா?" என்ற கேள்வி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தேடப்பட வேண்டியது பிள்ளை, ஆராயப்படுவதோ தாய். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஒரு கற்பனைக் கதையைக் கொண்டும் ஓர் உண்மைச் சம்பவத்தைக் கொண்டும் விளக்க விரும்புகிறேன்.

முதலில் கற்பனைக் கதையைப் பார்ப்போம். 1965ஆம் ஆண்டில் ஒட்டோ பிரெமிஞ்சர் என்னும் இயக்குநர் "பனி லேக் இஸ் மிஸ்ஸிங்" என்ற கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தை எடுத்தார். 1957இல் வெளிவந்த ஒரு நாவலைத் தழுவியது அது. நாவலின் கதை நியூயோர்க்கில் நிகழ்வது. திரைப்படத்திலோ அது இலண்டனுக்கு மாற்றப்பட்டது. அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த ஆன் என்ற இளம் தாய், தன் மகளைப் பாலர் பாடசாலையில் முதல் நாள் விட்டுச் செல்கிறாள். பனி என்பது அம்மகளின் செல்லப் பெயர். பொறுப்பான ஆசிரியையைக் காணாததால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி சமையற்காரியிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். திரும்பி வந்தபோது பிள்ளை இல்லை. அதுமட்டுமன்று, அப்படி ஒரு பிள்ளையைக் கண்டதாகச் சொல்வதற்கும் அங்கு ஒருவரும் இல்லை. சமையற்காரி வேலையை விட்டுப் போய்விட்டாள். பொலிசார் வீட்டுக்குச் சென்று பார்த்தால் பிள்ளையின் உடைகளும் விளையாட்டுப் பொருள்களும் அங்கே இல்லை. சிறுவயதில் ஆனுக்குப் பனி என்ற பெயரில் ஒரு கற்பனைத் தோழி இருந்தாள் என்ற செய்தியும் வெளிவருகிறது. அவள் திருமணமாகாத தாய் என்பதும் சேர்ந்துகொள்கிறது. பொலிஸ் அத்தியட்சகர் பொறுமையுள்ளவர். பாடசாலையைத் தேடச் செய்கிறார். ஆனால் தேடத் தேட, பிள்ளை இருந்தது என்பதற்கே சான்று இல்லாமற் போகின்றது.

வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்திவிடுவது என் வழக்கம். "பனி என்றொரு பிள்ளை உண்டா, இல்லையா?" என்று கேட்டு, விடையைத் துண்டுக் கடதாசியில் காரணத்துடன் எழுதித் தரச் சொல்வேன். "இல்லை" என்ற விடையே அதிகமாக வரும். "ஒருவரும் காணவில்லை" என்று சிலர் காரணம் எழுதுவர். "அவள் அழுது கத்துகிறாள், மனம் குழம்பியவள் போல் இருக்கிறாள்" என்று வேறு சிலர் எழுதுவர். "திருமணமாகாதவள்" என்று எழுதுவோரும் உண்டு. ஒருமுறை ஒரு மாணவி உண்டு என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. "முதலில் பிள்ளையைத் தேட வேண்டும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாள். நான் பெற்ற விடைகளுள் மிகச் சிறந்தது அதுவே என்று இன்றும் கருதுகிறேன்.

இனி, பார்வையாளரின் மனத்தில் இவ்வளவு ஐயத்தை இக்கதை எவ்வாறு உண்டாக்குகின்றது என்று பார்ப்போம். படத்தின் தொடக்கத்தில் பிள்ளையை நமக்குக் காட்டுவதில்லை. தாய் சொல்லக் கேட்கிறோமே தவிர, கண்ணால் காண்பதில்லை. கதை சொல்பவர் ஒன்றை மறைத்து வைத்தால், மறைக்கப்பட்டதை இல்லாதது என்று எண்ணுவது நம் மனத்தின் இயல்பு. அடுத்ததாக, தாயின் பதற்றம் அவளுக்கு எதிரான சான்றாக மாற்றப்படுகின்றது. பிள்ளையைத் தொலைத்தவள் பதறாமல் வேறென்ன செய்வாள்? அவள் அமைதியாக இருந்திருந்தால், "பெற்றவளுக்கு இவ்வளவு கல்நெஞ்சா?" என்று அதே ஆட்கள் கேட்டிருப்பார்கள். மூன்றாவதாக, குற்றவாளியானவன் தாய்க்கு மிக அருகிலேயே, அவளுக்கு உதவுபவனாக நிற்கின்றான்.

ஆன் இறுதியில் ஒரு சிறு பொருளைப் பற்றிக்கொள்கிறாள். மகளின் பொம்மை ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தாள். அதற்கான பற்றுச்சீட்டு அவளிடம் இருக்கிறது. பொம்மை கிடைத்தால் பிள்ளை இருந்தது என்று காட்டிவிடலாம். இரவில் ஓடிச்சென்று பொம்மையைக் கண்டெடுக்கிறாள். அவளைப் பின்தொடர்ந்து வந்த சகோதரன் ஸ்டீவன் அப்பொம்மைக்குத் தீ வைக்கிறான். அவளை அடித்து மயங்கச் செய்து, சித்தம் கலங்கியவள் என்று வைத்தியசாலையில் சேர்த்துவிடுகிறான். பிள்ளையை ஒளித்து வைத்தவனும் அவனே. தங்கையின் அன்பு பிள்ளைக்குப் போய்விட்டது என்ற பொறாமையே அதற்குக் காரணம். ஆன் வைத்தியசாலையிலிருந்து தப்பிச் சென்று, சிறுவயது விளையாட்டுகளைச் சொல்லி அவனை ஏமாற்றிப் பொழுதைக் கடத்தி, மகளைக் காப்பாற்றுகிறாள்.

"இது வெறுங்கதை; உண்மையில் ஒரு தாயை யாராவது இப்படி நடத்துவார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்னரே அப்படி நடந்தது.

1928 மார்ச் 10ஆம் திகதி, கிறிஸ்டீன் கொலின்ஸ் என்ற பெண்ணின் மகன் வோல்ட்டர் காணாமற்போனான். அவனுக்கு வயது 9. படம் பார்ப்பதற்குத் தாய் காசு கொடுத்து அனுப்பியிருந்தாள். மாதங்கள் கடந்தும் அவன் கிடைக்காததால் பொலிசார்மீது பொதுமக்களின் கண்டனம் வலுத்தது. ஓகஸ்ட் மாதத்தில், தொலைவிலுள்ள இலினோய் மாநிலத்தில் ஒரு சிறுவன் கிடைத்தான். தானே வோல்ட்டர் என்று அவன் சொன்னான். பொலிசார் அவனைக் கொண்டுவந்து தாயிடம் ஒப்படைத்தனர். "இவன் என் மகன் அல்லன்" என்றாள் தாய். கப்டன் ஜோன்ஸ் என்ற அதிகாரியோ, ஓரிரு வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கும்படி சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்று வாரங்களின் பின் அவள் திரும்பி வந்தாள். இம்முறை அழுகையை மட்டும் கொண்டுவரவில்லை. மகனுடைய பல் வைத்தியப் பதிவுகளையும் கொண்டுவந்தாள். அச்சிறுவனின் பற்கள் அப்பதிவுகளுக்குப் பொருந்தவில்லை. ஆயினும் அச்சான்று ஏற்கப்படவில்லை. தொல்லை தருபவர்களை அடைத்து வைப்பதற்குப் பொலிசார் பயன்படுத்திய "12ஆம் இலக்கக் குறியீடு" என்னும் முறையின் கீழ், அவள் வைத்தியசாலையின் மனநோயாளர் பிரிவில் அடைக்கப்பட்டாள். அவள் அங்கே இருக்கும்போதே அச்சிறுவன் உண்மையை ஒப்புக்கொண்டான். அவன் பெயர் ஆதர் ஹட்சின்ஸ், வயது 12, அயோவா மாநிலத்தவன். ஹொலிவூட்டுக்குச் சென்று, தனக்குப் பிடித்த நடிகர் டொம் மிக்ஸைக் காண வேண்டும் என்பதற்காகவே பொய் சொன்னான். அவன் ஒப்புக்கொண்டு பத்து நாள்களின் பின்னரே தாய் விடுவிக்கப்பட்டாள்.

அக்காலத்திலே, ஒரு பண்ணையில் நடந்த சிறுவர் கொலைகள் வெளிச்சத்துக்கு வந்தன. வோல்ட்டரும் அங்கு பலியானான் என்று அதிகாரிகள் முடிவு செய்தனர். ஆனால் அவனுடைய உடல் கிடைக்கவில்லை. அதனால் மகன் உயிருடன் இருப்பான் என்ற நம்பிக்கையைத் தாய் நெடுங்காலம் கைவிடவில்லை. அவள் தொடுத்த வழக்கில் கப்டன் ஜோன்ஸ் 10,800 டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 1930இல் தீர்ப்பாயிற்று. அவர் அதைச் செலுத்தவே இல்லை. இச்சம்பவத்தை வைத்துக் கிளின்ட் ஈஸ்ட்வூட் இயக்கிய "சேஞ்ச்லிங்" என்ற திரைப்படம் 2008இல் வெளிவந்தது. தாயாக அஞ்சலினா ஜோலி நடித்தார்.

கதையில் வரும் தாயையும் லொஸ் ஏஞ்சல்ஸ் தாயையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் உண்மையே பேசினார்கள். ஒருத்தியின் பொம்மை எரிக்கப்பட்டது. மற்றவளின் பல் வைத்தியப் பதிவுகள் ஒதுக்கப்பட்டன. இருவரும் வைத்தியசாலைக்கே அனுப்பப்பட்டார்கள். கதையில் அவ்வாறு செய்தவன் ஒரு குற்றவாளி. உண்மைச் சம்பவத்தில் அவ்வாறு செய்தது பிள்ளையைத் தேட வேண்டிய பொலிஸ். கற்பனையைவிட உண்மை என்னை அதிகம் அச்சுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வோல்ட்டர் கிடைத்துவிட்டான் என்று அறிவித்த பின்னர் வோல்ட்டரை யார் தேடுவார்? தேடியிருந்தால் அவன் உயிருடன் கிடைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாயோடு வழக்காடிய ஒவ்வொரு நாளும் பிள்ளையைத் தேடாத நாளாகவே கழிந்தது என்பதை மறுக்க முடியாது.

மாணவர்களே, பரீட்சையில் தரப்படும் பந்தியை வாசிக்கும்போது, அதில் உள்ளது எது, நாம் ஊகித்தது எது என்று பிரித்தறிய வேண்டும் என உங்களுக்குக் கற்பிக்கிறோம். "அவள் அழுதாள்" என்பது பந்தியில் உள்ளது. "அவள் பொய் சொல்கிறாள்" என்பது நாம் ஊகித்தது. "பிள்ளையை ஒருவரும் காணவில்லை" என்பது ஒரு செய்தி. "பிள்ளையே இல்லை" என்பது அதிலிருந்து நாம் பாய்ந்து சென்ற முடிவு. இவ்வேறுபாடு புள்ளி பெறுவதற்கு மட்டும் உரியதன்று. நாளை உங்களுட் சிலர் வைத்தியராகவும் பொலிஸ் அதிகாரியாகவும் பத்திரிகையாளராகவும் வருவீர்கள். உங்கள் மேசைக்கு முன்னால் ஒரு தாய் வந்து நிற்கக்கூடும். அவள் அழுகிறாளா, அழாமல் நிற்கிறாளா என்று அளந்துகொண்டிராமல், பிள்ளை கடைசியாக எங்கே நின்றது, என்ன உடை அணிந்திருந்தது, யார் கூட நின்றார்கள் என்று கேளுங்கள். கேட்டு எழுதிக்கொண்டு உடனே எழுந்து புறப்படுங்கள்.

சிந்தித்து எழுதுக

1. ஆனின் பதற்றம் அவளுக்கு எதிரான சான்றாகக் கொள்ளப்பட்டது சரியா? காரணம் தருக.

2. பொம்மை, பல் வைத்தியப் பதிவு ஆகிய இரண்டும் இக்கட்டுரையில் பெறும் முக்கியத்துவத்தை ஒப்பிட்டு விளக்குக.

3. "முதலில் பிள்ளையைத் தேட வேண்டும்" என்று எழுதிய மாணவியின் விடையைக் கட்டுரையாசிரியர் சிறந்ததெனக் கருதுவது ஏன்?