ஃபியூஸ் எந்தப் பக்கம்

மாரிக்குப்பத்தில் சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட லைன் வீடு ஒன்றின் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாஸ்டிக் கயாக் ஒன்று கிடந்தது. அவ்வீட்டின் முன்னறையைவிட அது நீளமானது. உள்ளே கொண்டுபோக வழியில்லை. நாள்தோறும் விடியுமுன் பெங்களூரு ரயிலைப் பிடிக்கும் பேரன், சேமித்த பணத்தில் யாரோ பயன்படுத்தியதை வாங்கி வந்திருந்தான். அதனுடன் ஒரு ஃபிஷ் ஃபைண்டர்: உள்ளங்கை அகலத் திரை, ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர், 12 வோல்ட் லித்தியம் பேட்டரி, ஒரு சுருள் ஒயர். பேத்தமங்கலம் ஏரியில் மீன்பிடி உரிமை பெற்றவரிடம் பேசி, மாலையில் இறங்க அனுமதியும் வாங்கிவிட்டான். காணொளிகள் பார்த்தே எல்லாவற்றையும் இணைத்துவிடலாம் என்று அவன் நம்பினான்.

தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாகப் பணியாற்றியவர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பு வீட்டில் ஒரு ஸ்விட்ச் பழுதானாலும் பிள்ளைகள் வெளியாளை அழைத்தார்களே தவிர அவரைக் கேட்டதில்லை. அவருக்கு ஓய்வு தருவதாக அவர்கள் எண்ணியிருக்கலாம். கேட்கப்படாத அறிவு எத்தனை ஆண்டுகள் கையில் தங்கும் என்பது வேறு கேள்வி.

பேரன் ஃபியூஸைத் திரைக்குப் பக்கத்தில் பொருத்தியதும் அவர் எழுந்து வந்தார்.

"எதுக்குடா அங்க வெச்சே?"

"மிஷினு வீணாப் போவக் கூடாதுன்னு தாத்தா."

"ஃபியூஸ் மிஷினுக்கு இல்லடா. ஒயருக்கு."

அவர் சொன்னது சரியான மின்பொறியியல். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரையிலான ஒயருக்குக் காவல் எதுவும் இல்லை. வழியில் எங்கேனும் உறை தேய்ந்து நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக்கொண்டால், பேட்டரி தன்னிடமுள்ளதை எல்லாம் அவ்வொயர் வழியே கொட்டும். மறுமுனையிலுள்ள ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஒயர் பழுத்து உறை எரியும். நீரின் நடுவே மூடிய பிளாஸ்டிக் உடலுக்குள் அது நிகழ்ந்தால் ஒதுங்க இடமில்லை. எனவே ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருந்தாக வேண்டும். அவர் சாண் வைத்துக் காட்டினார். பேரன் பிரித்து மாற்றினான்; 3 ஆம்பியர் ஃபியூஸ், மூட்டுகளின்மேல் சூடுபட்டால் சுருங்கி ஒட்டும் குழாய், ஒயர் உடலுக்குள் நுழையும் துளையில் நீர்புகா ரப்பர் வளையம். வழிந்து வரும் நீர் இணைப்புக்குள் ஏறாமல் சொட்டிவிடும்படி ஒயரைச் சற்றுத் தொங்கவிட்டு வளைக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

மின்சாரம் அந்த ஊருக்குப் புதிய பொருள் அன்று. 1902இலேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலின் இயந்திரங்கள் ஓட்டப்பட்டன. உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று அன்று அது. அத்தடத்தின் முடிவில் வேலை செய்த பல தலைமுறைகளில் கடைசித் தலைமுறை அவருடையது.

டிரான்ஸ்டியூசரைப் பொருத்துவதில் அவர் தலையிடவில்லை. கயாக்கில் துளையிட வேண்டாம் என்று பேரன் முடிவு செய்திருந்தான். உட்புற அடித்தளத்திலேயே ஒட்டிவிட்டால் ஒலி அந்தப் பிளாஸ்டிக்கைக் கடந்து நீருக்குள் போகும். சற்று வலுவிழக்கும், நீரின் வெப்பநிலையைச் சரியாகக் காட்டாது. ஆழம் குறைந்த ஏரிக்கு அது போதும். ஒரே நிபந்தனை, பசைக்குள் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. காற்றில் பட்டதும் ஒலி திரும்பிவிடும். குமிழிக்குக் கீழே ஓர் ஏரியே இருந்தாலும் கருவிக்கு அது இல்லை. மீன் தெரிவதும் இதே காற்றால்தான். மீனின் சதை ஏறக்குறைய நீரைப் போன்றது. அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையே ஒலியை வலுவாகத் திருப்புகிறது. திரையில் வளைந்து தோன்றுவது பெரும்பாலும் அந்தப் பையின் எதிரொலியே.

காற்று என்ற சொல்லுக்குத் தங்கவயலில் வேறொரு நினைவும் உண்டு. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதை அங்கே 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். வெடிப்பது பாறைதான், காற்றன்று. ஆயினும் சுரங்கவழிகளில் இருந்தவரை முதலில் வந்து அறைந்தது காற்று. பொறியியலார் பின்னர் அச்சொல்லைத் திருத்திக்கொண்டனர்; தொழிலாளர் திருத்தவில்லை. அனுபவத்தின் பக்கம் நின்று பார்த்தால் தொழிலாளரின் சொல்லே துல்லியமானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. பாறைவெடிப்பைக் கண்காணிக்க அங்கே அதிர்வுமானிகள் இருந்தன. பிற்காலத்தில் பாறைக்குள்ளேயே உணரிகள் பதித்து, ஒவ்வோர் அதிர்வும் எங்கே பிறந்தது என்று கணக்கிட்டனர்.

மாலையில் பேத்தமங்கலம். பாலாற்றின் குறுக்கே அமைந்த, தங்கவயலுக்குக் குடிநீர் தந்த ஏரி. பேரன் முன்னேயும் தாத்தா பின்னேயுமாக இருவரும் இறங்கினர். திரையில் முதலில் பொடிக்கோடுகள் நிறைந்தன. மின்ஒயரையும் டிரான்ஸ்டியூசர் ஒயரையும் ஒன்றாகக் கட்டியதால் வந்த இரைச்சல் அது. முடிச்சை அவிழ்த்து இரண்டையும் விலக்கியதும் குறைந்தது. பின் அடித்தளம் தெரிந்தது: ஆறு மீட்டர்.

"எப்டி அளக்குது?" என்றார் அவர்.

காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை எண்ணுகிறது என்றான் பேரன். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் ஓடும். ஆறு மீட்டர் போய்வர நொடியின் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

சிறிது தூரம் போனதும் அடித்தளக்கோடு மெலிந்து பளிச்சிட்டது. அதற்குக் கீழே, இருமடங்கு ஆழத்தில், அதே வடிவில் இன்னொரு மங்கலான கோடு. பேரன் கருவி பழுது என்று நினைத்தான். தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாறைடா அது. கெட்டி. அதான் ரெண்டு தபா அடிக்குது."

அவர் கூறியது உண்மை. சேறு ஒலியை விழுங்கும். கெட்டியான தளம் திருப்பியனுப்பும் ஒலி மேற்பரப்பில் மோதி மறுபடி கீழே போய்வரும். ஃபிஷ் ஃபைண்டரை அன்றுதான் பார்த்தவருக்கு இது எப்படித் தெரிந்தது? சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் பாறை பிடிப்போடு இருக்கிறது; பொத்தென்றால் விரிசல் விட்டுக் கழன்றிருக்கிறது, கீழே நிற்கக் கூடாது. ஒயர் இழுக்கப் போன எலக்ட்ரீஷியனுக்கும் அதே கூரைதான். 1965இல் சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் நியூட்ரினோவின் தடயத்தை அறிவியலாளர் கண்டதைத் தங்கவயலைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் குறிப்பிடுவர், குறிப்பிடத்தான் வேண்டும். கடப்பாரையின் ஒலியைக் கொண்டு உயிரைக் காத்துக்கொண்ட செவிகள் அந்தப் பேச்சில் இடம்பெறுவது அரிது.

"இது எவ்ளோ ஆழம் வரைக்கும் காட்டும்?"

சில நூறு அடி, என்றான் பேரன். பிறகு விளையாட்டாக, நம் ஷாஃப்டில் இப்போது தண்ணீர்தானே நிற்கிறது, அங்கே இறக்கிப் பார்க்கலாமா என்றான். பம்புகள் நின்ற பின் சுரங்கங்களில் நீர் ஏறியதை ஊரே அறியும். தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. துடுப்பு இரண்டு மூன்று முறை நீரைத் தள்ளிற்று.

"அங்க என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும்டா," என்றார். "நீ மீனைப் பாரு."

அன்று ஒரு ஜிலேபி மீன்கூடச் சிக்கவில்லை. வளைவுகள் தோன்றின, தூண்டிலை எதுவும் தொடவில்லை. இருட்டுமுன் கரையேறிக் கயாக்கை வண்டியில் ஏற்றினர். வீடு வந்ததும் அவர் பேட்டரிப் பெட்டியைத் திறந்து ஈரம் துடைத்தார். மீந்த டிரான்ஸ்டியூசர் ஒயரை வெட்டப் போன பேரனைத் தடுத்துச் சுருட்டி வைக்கச் சொன்னார். மறுநாள் ரயிலுக்குப் போகும் அவசரத்தில் பெட்டியை நகர்த்திய பேரன், மூடியின் உட்புறம் இரண்டு உபரி ஃபியூஸ்கள் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டான். பக்கத்தில், நடுங்கிய கையெழுத்தில்: '3 ஆம்ப். பேட்டரி பக்கம்.'