96 ஆடுகளும் ஒரு விளக்கும்

விருத்தாசலம் என்றதும் இலக்கிய வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊராக இருக்காது; சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தனாகத்தான் இருக்கும். ரயில் பயணிகளுக்கோ அது ஒரு சந்திப்பு நிலையம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலும், ஊருக்குள் பீங்கான் சூளைகளும் இருப்பது இறங்கி நடப்பவர்க்கே தெரியும். கட்டடங்களுக்கு எவ்வாறு ஒளியூட்டுவது என்ற விவாதம் எங்கள் நண்பர் வட்டத்தில் சில காலமாக நடந்துவருகிறது. அந்த விவாதத்துக்கு ஏற்ற ஊர் இதுவென்பது ஒரு சித்திரை மாதப் பகலில் எங்களுக்குப் புலப்பட்டது.

அக்கோயிலில் ஆழத்துப் பிள்ளையார் சன்னதி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கண்ணைக் கூசவைக்கும் வெயிலிலிருந்து படியிறங்கியபோது எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்களில் ஒருவர் கைபேசி விளக்கை எடுத்தார். "செத்த நில்லுங்க தம்பி, கண்ணு பழகிடும்" என்றார் அங்கே அமர்ந்திருந்த ஒரு பாட்டி. நின்றோம். முதலில் சுடர் தெரிந்தது. பிறகு சுடரைச் சுற்றிய கல், பிறகு மூர்த்தம்.

பாட்டி சொன்னது உடற்கூறு சார்ந்த உண்மை. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் வந்ததும் கருவிழியின் பாவை சில நொடிகளில் விரிந்துவிடும். ஆனால் விழித்திரை இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். நம் ஸ்தபதிகள் இதை அனுபவத்தால் அறிந்திருக்க வேண்டும். திறந்த பிராகாரம், தூண்கள் நிறைந்த மண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று நடக்க நடக்க ஒளி படிப்படியாகக் குறைகிறது. கால்கள் நடக்கும் நேரத்தைக் கண்களுக்கான அவகாசமாக அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். கருவறையை அடைகையில் ஒரே ஒரு சுடர் போதுமானதாகிவிடுகிறது. இன்று ஒளியமைப்பு என்று தனித் துறையாகப் பேசப்படுவதன் சாரம் இதுவே என்று எங்களுக்குத் தோன்றுகிறது: எங்கே ஒளி வேண்டும் என்பதைக் காட்டிலும், எங்கே இருள் எஞ்ச வேண்டும் என்று தீர்மானிப்பது.

அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் ஒரு பொருளாதாரமும் இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த கோயில்களுள் விருத்தாசலமும் ஒன்று. அச்சோழர் காலத்தில் நுந்தா விளக்கு ஒன்றை எரிப்பது எளிய காரியமன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் கணக்கைச் சொல்கின்றன: ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையாமல் பெருகிக்கொண்டே இருக்கும் என்ற எண்ணத்தில் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறித்தார்கள். ஒரு சுடருக்குப் பின்னால் ஒரு மந்தையும், ஒரு குடும்பத்தின் உழைப்பும், தலைமுறைகள் தாண்டிய ஒப்பந்தமும் இருந்தன. அப்படிப்பட்ட ஒளியை யாரும் கண்ட இடத்தில் வைத்துவிட மாட்டார்கள்.

மின்சாரம் இந்தக் கணக்கை மாற்றியது. அருகில் உள்ள நெய்வேலியில் 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1962இல் அனல் மின்நிலையம் உற்பத்தியை ஆரம்பித்தது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. விளக்கை எரிக்கும் கரியும், மின்சாரத்தை அடக்கியாளும் பீங்கானுக்கான மண்ணும் ஒரே பூமியில் கிடப்பதை எண்ணி வியந்தோம். விருத்தாசலத்தின் பட்டறைகளில் பொம்மைகளோடும் அகல்களோடும் பியூஸ் கட்டைகளும் செய்யப்பட்டன. சூளையருகே நின்ற ஒரு தொழிலாளி வெள்ளைக் கட்டை ஒன்றை எங்கள் கையில் வைத்து, "ஒரு காலத்துல இது இல்லாத வீடே கெடையாது சார்" என்றார். பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டையும் தாங்கும். அதனால் அந்தச் சிறு கட்டை வீடுதோறும் காவல் நின்றது. இப்போது அந்த இடத்தை எம்.சி.பி. என்ற தானியங்கிச் சுவிட்ச் பிடித்துவருகிறது. மின்கம்பி உருகி வீடு இருண்டு, யாரோ ஒருவர் மெழுகுவத்தியோடு கட்டையைக் கழற்றிய அந்த இரவுகளும் அதனோடு போகின்றன.

ஒளி மலிவானதில் எங்களுக்கு வருத்தமில்லை. மலிவானதும் நாம் தீர்மானிப்பதை நிறுத்திவிட்டோம் என்பதே வருத்தம். பல ஊர்களில் கோபுரத்தின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பெருவிளக்குகளை நிறுத்துகிறார்கள். கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் மேலிருந்து விழும் வெயிலுக்காக வனையப்பட்டவை. கீழிருந்து ஒளி பாயும்போது நிழல்கள் தலைகீழாகின்றன. சாந்தமான முகமும் விகாரமாகிவிடுகிறது. மண்டபங்களிலோ குழல் விளக்கின் ஒளி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி, சிற்பத்தின் மேடுபள்ளங்களைத் தட்டையாக்குகிறது. பக்கவாட்டில் சாய்ந்து விழும் சிறு ஒளி போதும், கல்லில் உளி நடந்த தடம் தெரிய. நெய்ச்சுடரின் நிறவெப்பம் ஏறத்தாழ 1900 கெல்வின். பகலொளிக் குழல் விளக்கினுடையது 6500. கல்லுக்கும் சந்தனத்துக்கும் பட்டுக்கும் சுடரொளியில் இருந்த நிறம் இதில் இல்லை.

ஜப்பானிய எழுத்தாளர் தனிஸாகி, 1933இல் வெளிவரத் தொடங்கிய தன் 'நிழல்களின் புகழ்' கட்டுரையில் கழிவறையின் வெண்பீங்கான் ஓடுகளைக் குறைசொன்னார். மங்கிய ஒளியில் மிளிரும் அரக்குப் பாத்திரங்களைக் கொண்டாடினார். பீங்கான் செய்யும் ஊரில் நின்று அவரோடு முழுமையாக உடன்பட எங்களால் முடியவில்லை. பழைய இருளைத் திரும்பக் கேட்பதும் சரியன்று. வயதானவர்களுக்குப் படிகளில் வெளிச்சம் வேண்டும். மாலையில் தனியாக வரும் பெண்ணுக்குப் பிராகாரத்தில் வெளிச்சம் வேண்டும். படிக்கட்டுக்குத் தாழ்வாக ஒன்று, தூணின் பின்னே மறைவாக ஒன்று, மஞ்சள் சாயலில். கருவறையில் சுடர் மட்டும். இவ்வளவுக்கு ஆகும் செலவு இப்போது எரியும் விளக்குகளின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

கட்டடத்துக்கு விளக்கு அமைப்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஆணி அடிக்கும் முன், பொழுது சாய்ந்தபின் அரைமணி நேரம் அவ்விடத்தில் விளக்கின்றி நின்று பாருங்கள். அதன்பிறகும் கண்ணுக்குத் தெரியாதது எதுவோ, அதற்கு மட்டும் ஒரு விளக்கு வையுங்கள், அதற்காக 96 ஆடுகளை நாமே கொடுப்பதாக எண்ணிக்கொண்டு.