வழங்கி

ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆறேழு வருஷம் கணக்கெழுதி ஓய்ந்து ரிச்சி தெருக் கடையொன்றில் விலைக்கு வந்திருந்த ஒரு சிறிய கம்ப்யூட்டரை ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் பாட்டும் படமும் எடுத்துக் கொடுக்கும் யந்திரமாக அதை மாற்றும் காரியத்தில் ஒரு மாத காலமாக ஈடுபட்டிருக்கிறேன். அந்தக் காரியத்தின் நடுவே, யந்திரத்தின் பெயர் வந்து என் மனத்தைப் பற்றிக்கொண்டது.

பேச்சில் அதைச் ‘சர்வர்’ என்கிறோம். அந்தச் சொல் காதில் விழுந்ததும், தோளில் துண்டும் கை நிறையத் தம்ளர்களுமாக மேஜைக்கு மேஜை நடக்கும் ஓட்டல் சர்வர் கண்முன் வந்து நிற்பது, 1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தோடு வளர்ந்த என் தலைமுறைக்கு இயல்பு. கம்ப்யூட்டர் சாஸ்திரத்தைத் தமிழில் எழுதுகிறவர்களோ அதற்கு ‘வழங்கி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் செயற்கையாகத் தோன்றிய அந்தப் பதம், சில நாள் மனத்தில் ஊறிய பின் தன் ரசத்தைக் காட்டிற்று. வழங்குதல் என்றால் கொடுத்தல். ‘இப்படி ஒரு கதை எங்கள் ஊரில் வழங்குகிறது’ என்னும்போது அதுவே நடப்பில் இருத்தலும் ஆகிறது. பழைய இலக்கியங்களில் காற்று உலவுவதும், மக்கள் பாதையில் நடமாடுவதும்கூட வழங்குதல்தான். கொடுப்பது, இயங்குவது, மறையாமல் இருப்பது ஆகிய மூன்றையும் ஒரே வினைச்சொல்லில் அடக்கிய நம் முன்னோர், அவை மூன்றும் ஒன்றே என்று கண்டிருக்க வேண்டும் என்ற எண்ணம், கையில் திருகுளியோடு அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த வேளைகளிலெல்லாம் என்னோடு கூடவே இருந்தது.

பெட்டிக்குள் பஞ்சு பஞ்சாகத் தூசி. அதை ஊதித் துடைத்து, ப்ராஸசரின் மேல் காய்ந்து பொருக்காகிவிட்டிருந்த தெர்மல் பேஸ்ட்டை வழித்தெடுத்துப் புதிதாகத் தடவி, தேதியையும் நேரத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும் காசு போன்ற 2032 பாட்டரியை மாற்றினேன். 4 ஜி.பி.யாக இருந்த ராம் 8 ஜி.பி. ஆயிற்று, கம்ப்யூட்டர் தானே எழுந்து நிற்பதற்கு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யும், பாட்டும் படமும் தங்குவதற்கு 4 டி.பி. ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தன. கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் அவசியம் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் அது வேண்டியிருக்கவில்லை. ஒரு படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறதோ அந்த முறையை டி.வி.யும் அறிந்திருந்தால், சர்வர் அதை இருந்தபடியே எடுத்து நீட்டிவிடலாம். அறியாவிட்டால், விருந்தாளியின் வாய்க்கேற்பப் பதத்தை மாற்றிப் பரிமாறுவது போல, படத்தைப் பிரித்து வேறு முறையில் உடனுக்குடன் கட்டிக் கொடுக்க வேண்டும். 2013-இல் வந்த ஹெச்.இ.வி.சி. முறைப் படத்தை, 2003-ஆம் வருஷத்து ஹெச்.264 முறை மட்டுமே தெரிந்த எங்கள் பழைய டி.வி.க்குக் கொடுக்க முயன்றபோது, ப்ராஸசரின் நான்கு கோர்களும் திணறி, விசிறி பெரும் சப்தமிட்டது. இன்டெல் கம்பெனியார் 2011 முதல் ப்ராஸசருக்குள்ளேயே இந்த வேலைக்கென்று வைத்திருக்கும் ‘க்விக் சிங்க்’ என்னும் பகுதியை இயங்கவிட்டதும் அவ்வளவும் அடங்கிற்று. என்னிடமுள்ள ஆறாம் தலைமுறை ப்ராஸசர் 8 பிட் ஹெச்.இ.வி.சி. படங்களை இவ்வாறு கையாளும். 10 பிட் படங்களுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். எங்கள் வீட்டுத் தேவைக்கு ஆறே போதும். வைஃபையில் நின்று நின்று ஓடிய படமும், சுவரோரமாக ஒரு லேன் கேபிளை இழுத்துவிட்டதும் சீராக ஓடலாயிற்று.

இவ்வளவு பிரயாசையும் படங்களுக்காக அல்ல. பரணில் ஓர் இரும்புப் பெட்டி நிறைய, என் தகப்பனார் ரேடியோவிலிருந்து பதிவு செய்து வைத்துவிட்டுப் போன 140 காஸெட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் 90 நிமிஷக் காஸெட்டுகள். தொண்ணூறு நிமிஷ நாடாவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றத் தொண்ணூறு நிமிஷந்தான் ஆகும்; அதை அவசரப்படுத்த வழியில்லை. மொத்தம் சுமார் 210 மணி நேரம். இறந்துபோன ஒருவர் கேட்டதையெல்லாம் அவர் கேட்ட அதே வேகத்தில் மறுபடி உட்கார்ந்து கேட்கும் இந்த நிர்ப்பந்தத்தை நான் ஒரு பாக்கியமாகவே எண்ணுகிறேன்.

தகப்பனார் டேப் ரிகார்டர் வாங்கியது எண்பதுகளில். அதற்கு முன், எனக்கு ஏழெட்டு வயதாயிருந்தபோது, எங்களுக்குச் சொந்தமாக ரேடியோகூட இல்லை. நகராட்சிப் பூங்காவின் ரேடியோதான் எங்கள் ரேடியோ. சென்னை நகராண்மைக் கழகத்தார் 1930-இல் சொந்தமாக ஒலிபரப்புத் தொடங்கியபோதே கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களுக்குச் சங்கீதம் கேட்கக் கொடுத்தார்கள். 1938-இல் அகில இந்திய ரேடியோ அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. காவிரிக் கரையில் இருந்த எங்கள் சிறு நகரத்திலும் அத்தகைய பூங்கா ஒன்று இருந்தது. நடுவில் எண்கோணமாக ஒரு சிறு மண்டபம். அதன் உச்சியில் நான்கு திசையையும் நோக்கிய நான்கு ஒலிபெருக்கிகள். அடியில் பூட்டிய அறைக்குள் ரேடியோ. அந்த ரேடியோவை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் காவற்காரப் பெரியவர் இடுப்புச் சாவியால் அறையைத் திறந்து உள்ளே போவார். வால்வுகள் சூடேறும் வரை ஒன்றும் கேட்காது. பிறகு மெல்ல ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு குரல் பிறந்து, புல்தரையில் சாய்ந்திருந்த வக்கீல் மேலும், வேர்க்கடலைக் கூடைக்காரி மேலும், சறுக்கு மரத்தில் ஏறிக்கொண்டிருந்த எங்கள் மேலும் ஒரே அளவாக வந்து விழும்.

எட்டு மணிக்குப் பூங்காவை அடைத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் 1952-இல் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சி சனிக்கிழமை இரவு 9:30 மணிக்குத்தான் வரும். அதற்காகவே என் தகப்பனாரும், தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரும், இன்னும் இரண்டு மூன்று பேரும், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். பெரியவர் பெரிய கதவை அடைத்து, பக்கத்துச் சிறு கதவைச் சாத்தாமல் விட்டிருப்பார். தகப்பனாரின் மடியில் தலை வைத்துக்கொண்டு, ராகம் எங்கே முடிந்தது, தானம் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் நான் தூங்கிப்போன சனிக்கிழமைகள் எத்தனையோ.

ஒரு மழைக்கால இரவு நன்றாக ஞாபகமிருக்கிறது. சாயங்காலம் முதல் தூறல். மற்றவர்கள் யாரும் வரவில்லை. ஈர பெஞ்சில் குடையை விரித்துக்கொண்டு தகப்பனாரும் நானும் மட்டும். பல்லவி ஆரம்பித்தபோது மழை வலுத்தது. பெரியவர் நனைந்துகொண்டே வந்து, எங்கள் இருவரையும் அந்தப் பூட்டிய அறைக்குள் அழைத்துப் போனார். அன்றுதான் ரேடியோவைப் பார்த்தேன்: அலமாரி மேல் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் மடித்துப் போட்ட சுத்தமான துண்டு, முகப்பில் மஞ்சள் வெளிச்சம். “ஒங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்குமா, பெரியவரே?” என்று தகப்பனார் கேட்டார். “நமக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியாதுங்க” என்றார் அவர். “பின்னே, எட்டு மணிக்கு மூடிட்டு வீட்டுக்குப் போகலாமே?” அதற்குப் பெரியவர் சொன்ன பதிலைத் தகப்பனார் தம் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்: “கேக்கறவங்க இருக்கறப்ப எப்படிங்க மூடறது?”

அந்த மஞ்சள் வெளிச்சத்தை நான் இப்போது காஸெட்டுகளில் கேட்கிறேன் என்று சொல்லலாம். ஒவ்வொரு பக்கமும் நாற்பத்தைந்து நிமிஷம். கச்சேரி அதற்காகக் காத்திராது. நாடா தீர்ந்து, தகப்பனார் காஸெட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி பொத்தானை அழுத்துவதற்குள் சில வினாடிகள் நழுவிப் போயிருக்கும். ஆலாபனை மேல் ஷட்ஜத்தை எட்டும் தருணத்தில் ஓர் இடைவெளி. அப்புறம் வேறோர் இடத்தில் அது இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் அவர் விரல்கள் இருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் ஒட்டி இடைவெளியை மறைத்துவிடுவது இக்காலத்தில் எளிது. நான் அதைத் தொடவில்லை.

அடிக்கடி போட்டுக் கேட்ட காஸெட்டுகள் இன்றும் தெளிவாக ஒலிக்கின்றன. ‘பத்திரம்’ என்று அவர் கையாலேயே எழுதி, ஒரு முறைகூடக் கேட்காமல் அடியில் வைத்தவற்றில் சில பூஞ்சை பிடித்துப் போயின. ஆகவே காப்பாற்றி வைப்பதென்றால் பூட்டி வைப்பது என்று நான் இனி எண்ணப் போவதில்லை. ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க் வைத்து ஒரே சமயத்தில் இரண்டிலும் எழுதச் செய்தாலும், கை தவறி அழித்தது இரண்டிலும் அழிந்தே போகும். அதனால் இன்னொரு பிரதியைத் தங்கையின் வீட்டில் வைத்திருக்கிறேன். அவளும் கேட்கிறாள். என் சர்வரில் பாட்டும் படமும் எடுத்துக் கொடுக்கும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளின் கதையும் அதுவே: எம்பி என்ற மென்பொருளை உண்டாக்கியவர்கள் அதன் நிரலை இனி எல்லோருக்கும் திறந்து வைப்பதில்லை என்று முடிவு செய்தபோது, அதுவரை திறந்திருந்த பிரதியைச் சிலர் எடுத்து வைத்துக்கொண்டு, 2018 டிசம்பரில் இதைத் தனியே தொடங்கினார்கள். ஒருவர் வழங்கியதால் அது மற்றவரிடத்தில் வழங்குகிறது.

வேலையின்றி இருக்கும்போது இந்தப் பெட்டி 25 வாட் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 0.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 36 யூனிட். இரவில் யாருக்கு வேண்டியிருக்கப் போகிறது, படுக்கப் போகுமுன் அணைத்துவிடலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அது நியாயமாகவே பட்டது. நேற்று இரவு பதினொரு மணிக்கு அதற்காகக் கூடத்துக்கு வந்தேன். இருட்டில் பெட்டியின் முகப்பில் சிறு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. குனிந்து காதை வைத்தால், டிஸ்க் முணுமுணுப்பது கேட்டது. மாடி அறையிலோ பின் கட்டிலோ, பிள்ளையோ பேத்தியோ, யாரோ எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஓசைப்படாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.