கோழி அடையும் இடம்

சந்தையில் வாங்கிய கோழிக்கு முதல் ஒரு வாரம் பஞ்சாரம்தான் வீடு. திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் சந்தையிலிருந்து, காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டபடி கொண்டுவரப்படும் சிறுவிடை ரக நாட்டுக்கோழிப் பெட்டைகள் வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டுதான் வந்து இறங்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 41 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகவே கைப்பழக்கம் உள்ளவர்கள் கட்டை அவிழ்த்ததும் தீனியைக் காட்டுவதில்லை. வெல்லம் கரைத்த தண்ணீரை முதலில் வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒரு பிடி குருணை.

பஞ்சாரம் என்பது மூங்கிலைச் சீவிப் பின்னிய கவிகூடை. உச்சியில் கை நுழையும் வாய், அடியில் தரை. பின்னுகிறவர்களின் கணக்கு அதன் கண்களில் இருக்கிறது. காற்று ஓட வேண்டும், ஆனால் காகம் மூக்கை நுழைத்துக் குஞ்சைக் கொத்திவிடக் கூடாது. அதனால் ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் கண் விடுவதில்லை. இப்போது கம்பியை வளைத்துப் பற்றவைத்த பஞ்சாரங்களும் கிடைக்கின்றன. நெடுநாள் உழைக்கும், ஆனால் வெயிலில் காய்ந்து உள்ளே இருப்பதை வாட்டும். நிழல் இல்லாத வாசலுக்கு மூங்கிலே மேல்.

நிரந்தரக் கூடு எங்கே வரப்போகிறதோ அதன் அருகிலேயே பஞ்சாரத்தைக் கவிழ்ப்பார்கள். புதுக்கோழி அந்த இடத்தின் சத்தத்தையும் வெளிச்சத்தையும் ஆட்களையும் கண்டு பழகுவதற்காக. பழைய கோழிகளிடமிருந்து அதைப் பிரித்துவைப்பதும் இதனால் நடந்துவிடுகிறது. வெள்ளைக் கழிச்சல் தொற்றிய கோழி நோய்க்குறி காட்டப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும்; சில நேரம் பதினைந்து நாள்கூட எடுக்கும். ஆகவே மூன்று வாரம் தனியே வைப்பதுதான் பாதுகாப்பு. ஊரில் பெரும்பாலும் ஒரு வாரத்தோடு பொறுமை தீர்ந்துவிடுகிறது. ஒரு கோழி கொண்டுவந்த நோயில் கூடே காலியாவது அப்படித்தான். கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டு, அது வேலை செய்ய இரண்டு வாரம் விட்டுச் சேர்ப்பது நல்லது.

கூட்டுக்குள் கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி வேண்டும். பத்துக் கோழிக்கு ஐந்தடிக்கு நாலடிக் கூடு போதும். நீளவாட்டம் கிழமேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் விழும். தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டினால் எச்சம் கீழே விழுந்துவிடும், ஈரம் ஏறாது. செலவை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கம்பிவலை. அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், கீரியையும் மரநாயையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த வலையைத்தான் அடிக்க வேண்டும். பெரிய கண் விட்டால் முட்டைக்குப் பாம்பு வரும்.

உள்ளே உட்காரும் கட்டை இரண்டு அங்குலக் கனத்தில், முனை மழுங்கி, கோழிக்கு எட்டு அங்குல இடம் தரும்படி இருக்க வேண்டும். கட்டைகளைப் படிபோல ஏற்றிவைத்தால் மேல்கட்டைக்கு ராத்திரிதோறும் சண்டை நடக்கும். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் தகராறு குறைவு. முட்டையிட ஐந்து பெட்டைக்கு ஒரு பழைய கூடை, இருட்டு மூலையில். வைக்கோலுக்கு அடியில் சாம்பல் தூவினால் செள் அண்டாது என்கிறார்கள். வாசலிலும் சாம்பல் கலந்த மண்குழி ஒன்று இருந்தால் கோழி அதில் புரண்டு தன் இறகைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வளர்ந்த முட்டைக்கோழி அடைத்துவைத்தால் நாளுக்கு ஏறத்தாழ 100 கிராம் தின்னும். மேய்கிற கோழி பாதியைப் புழு பூச்சியிலும் கீரையிலும் தேடிக்கொள்ளும். மீதியைக் கம்பு, மக்காச்சோளக் குருணை, தவிடு, கடலைப் பிண்ணாக்கு என்று வைக்கலாம். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கைத் தொடவே கூடாது. அதிலுள்ள அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால், வேண்டியதைக் கோழியே பொறுக்கும். குஞ்சுகளுக்குக் கரையான் பானை இருக்கிறது. சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்து, நீர் தெளித்து, மண்ணில் கவிழ்த்த பானையில் மறுநாள் காலை கரையான் மொய்த்திருக்கும்.

தண்ணீர், தின்னும் தீனியைப்போல் இரண்டு மடங்கு. சித்திரையில் இன்னும் அதிகம். மண்சட்டி குளிர்ச்சிதான், ஆனால் உட்புறம் வழவழப்பேறும். தினமும் தேய்க்காத சட்டி நோய்ப் பண்ணை. சட்டியைக் கோழி முதுகு மட்டத்துக்குச் செங்கல் மேல் ஏற்றினால் கிளறிய மண் அதில் விழாது.

திறந்துவிடும் நாளைத் தீர்மானிப்பது தீனிப்பை. இருட்டியபின் கழுத்தடியைத் தடவிப் பார்ப்பார்கள். உருண்டு நிறைந்திருந்தால் கோழி தேறிவிட்டது. அய்யலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பாட்டி அப்படித் தடவிவிட்டு மருமகளிடம், “பை இன்னும் தொங்கலாத்தான் இருக்கு தாயி, ரெண்டு நாள் கெடக்கட்டும்” என்றார்.

முதல் நாள் காலையில் திறப்பதில்லை. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில், வயிறு காய்ந்த நிலையில் விடுகிறார்கள். அந்நேரத்துக் கோழி தூரம் போகாது. இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. “பா... பா...” என்று கூப்பிட்டு மாலைத் தீனியைக் கூட்டுக்குள் மட்டும் போட வேண்டும், வாசலில் இறைத்தால் வாசலே பழகிவிடும். நாலைந்து மாலையில் பெரும்பாலானவை தாமே வந்து அடைகின்றன. முருங்கையில் ஏறிக்கொள்ளும் ஒன்றிரண்டை இருட்டியபின் இரண்டு கையாலும் இறக்கிக் கட்டையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துகிறார்கள், அவை மரத்தை மறக்கும்வரை.