அஞ்சுக்கு நாலா, நாலுக்கு மூணா?

மரக்கடை பாஷை தனி. 'அஞ்சுக்கு மூணு', 'நாலுக்கு மூணு' என்று யாராவது சொன்னால், வாய்ப்பாடு ஒப்பிக்கிறார் என்று நினைக்காதீர்கள். கதவு நிலைக்கான சட்டத்தின் அகலமும் தடிமனும் அங்குலத்தில்! தேசம் மீட்டருக்கு மாறி அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. மரக்கடைக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

கணக்கு சுலபம்தான். அகலம், தடிமன் இரண்டையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. ஏழுக்கு மூன்றரை தலைவாசல் என்றால் படிச்சட்டத்தோடு நாலு பக்கமும் 21 அடி. அஞ்சுக்கு மூணில் 2.19 கன அடி. அஞ்சுக்கு நாலில் 2.92. 'ஒரு அங்குலம்தானே சார்!' என்று கடைக்காரர் சிரிக்கிற அந்த ஒரு அங்குலம், பில்லில் முக்கால் கன அடி தேக்கு.

இன்னொரு சங்கதி. அஞ்சுக்கு மூணு என்று வந்து இறங்கியதை டேப் வைத்துப் பாருங்கள். சில சமயம் நாலே முக்காலுக்கு ரெண்டே முக்கால் இருக்கும். "ரம்பம் தின்னது சார்" என்பார்கள். அந்த ரம்பத்துக்கு நல்ல பசி: நூறு ரூபாய்க்கு 13 ரூபாய் மரம் காணோம்! அறுத்த அளவா, இழைத்த அளவா, எந்த அளவுக்கு பில் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது உத்தமம்.

நம்மூர்தான் இப்படி என்று பெருமூச்சு விடவேண்டாம். அமெரிக்காவில் வீட்டுக்கு மரச்சட்டம் கட்டும் 'டூ பை ஃபோர்' நிஜத்தில் ஒன்றரைக்கு மூன்றரைதான். எட்டு சதுர அங்குலம் என்று பேர். கைக்கு வருவது அஞ்சே கால். காய்ந்து, இழைத்து முடிந்த அளவு அது. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியாத சிலர் 2017-ல் இலினாய்ஸில் கோர்ட்டுக்கே போனார்கள்!

எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது கோர்ட் கூடத்திலேயே நடந்தது. அப்பாவின் ரிடையர்மென்ட் பணம். தலைவாசல், உள்ளே அஞ்சு கதவு, எல்லாமே அஞ்சுக்கு நாலு தேக்கு என்பது அவர் தீர்ப்பு.

"நிலைதாண்டா சுவரைத் தாங்குது. ஒல்லியா வெச்சா உட்கார்ந்துடும்."

அவர் பிறந்த வீட்டில் அது நிஜம். வாசலுக்கு மேலே இருந்த மரம்தான் மேல்சுவரைச் சுமந்தது. இப்போது அந்த வேலையை லிண்டல் பார்த்துக்கொள்கிறது. நிலை சுமப்பது கதவை மட்டும். தலைவாசலில் கனமான தேக்குக் கதவு, கீல் திருகு ஆழமாகப் பிடிக்கவேண்டும், காடி எடுத்த பிறகும் சதை மிஞ்சவேண்டும். அங்கே அஞ்சுக்கு நாலு சரி. உள்ளே நாலரை அங்குலச் சுவர், லேசான ஃப்ளஷ் டோர். நாலுக்கு மூணு தாராளம். பாத்ரூமுக்கு மரமே கூடாது என்பேன். அது தனிச் சண்டை.

உள்கதவு ஒன்றுக்குப் படி கிடையாது, 17 அடி. அஞ்சுக்கும் போட்டுப் பார்த்தேன். அஞ்சுக்கு நாலில் 11.8 கன அடி, நாலுக்கு மூணில் 7.1. மிச்சம் நாலே முக்கால். என் ஒரு மாசச் சம்பளம். பேப்பரை அப்பா பார்க்கக்கூட இல்லை. காலம் பூரா சர்க்கார் ஃபைல் பார்த்தவருக்கு மகன் போட்ட கணக்கு செல்லுமா?

ஆசாரிதான் காப்பாற்றினார். கடையில் அடுக்கியிருந்த அஞ்சுக்கு நாலு ஒன்றைப் புரட்டிக் காட்டினார். மூலையெல்லாம் வெளுப்பு. "ஐயா, சின்னக் கட்டையில பெரிய சைஸ் எடுத்தா மூலையில வெள்ளை வந்துடும். அதுதான் பூச்சிக்குப் பலகாரம். அதே கட்டையில சின்னதா எடுத்தா முழுக்க வைரம். தடியா இருக்கிற ஈர மரத்தைவிட, ஒல்லியா இருக்கிற காஞ்ச மரம் தேவலை. ஈரம் காயக் காய முறுக்கிக்கும்."

அப்பா நகத்தால் வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"உள்ளே நாலுக்கு மூணே போடுங்க ஆசாரி" என்றவர் என் பக்கம் திரும்பி, "அந்த மிச்சம் எவ்வளவுன்னு சொன்னே? தலைவாசல் கதவுல ஒரு கஜலட்சுமி செதுக்கிடலாம்" என்றார்.