நினைத்தால் நடக்கும் ஊர்

ஜெர்மனியில் போஹும் என்று ஓர் ஊர். டுஸல்டார்ஃபில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ஒரு காலத்தில் நிலக்கரிதான் ஊருக்கே சோறு போட்டது. 1973-ல் கடைசிச் சுரங்கத்தையும் மூடியாச்சு. சுரங்க மியூசியத்தின் மேல் நிற்கிற பச்சை இரும்புக் கோபுரம்தான் பழைய வாழ்வுக்குச் சாட்சி.

இங்கே ஒரு தியேட்டர் இருக்கிறது. 1988-ல் ஆரம்பித்த 'ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்' என்கிற இசை நாடகத்துக்காகவே கட்டியது. நடிகர்கள் ரயில் வண்டி வேஷம் போட்டு, காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு பறக்கிறார்கள்!

அதே ஊரில் பெர்க்மான்ஸ்ஹைல் ஆஸ்பத்திரி. 1890-ல் சுரங்கத்தில் அடிபட்டவர்களுக்காக ஏற்பட்டது. காலில் ரோபோ கட்டிக்கொண்டு நடக்கப் பழகும் வித்தை ஐரோப்பாவில் பேர் வாங்கியது இங்கேதான்.

ரோபோவின் பெயர் 'ஹால்'. உருவாக்கியவர் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சன்காய். 2004-ல் அவர் ஆரம்பித்த கம்பெனிக்குப் பெயர் சைபர்டைன். சினிமா ரசிகர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். 'டெர்மினேட்டர்' படத்தில் உலகத்தையே அழிக்கிற கம்ப்யூட்டரைத் தயாரிக்கும் கம்பெனிக்கும் அதே பெயர்! 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் சொன்ன பேச்சைக் கேட்காத கம்ப்யூட்டர் பெயர் ஹால்!

பயப்படாதீர்கள். இந்த ஹால் சொன்னபடி கேட்கும். நமக்குத்தான் சொல்லத் தெரியணும்.

காலை நீட்ட வேண்டும் என்று நினைத்ததும் மூளையிலிருந்து நரம்பு வழியாகத் தசைக்கு உத்தரவு போகிறது. தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு அந்த உத்தரவு வெறும் முனகலாகத்தான் வந்து சேரும். தொடையில் ஒட்டின எலெக்ட்ரோடுகள் முனகலைக் காது கொடுத்துக் கேட்டு, இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மோட்டாரை ஓட்டுகின்றன. அதாவது, நினைத்தால்தான் நடக்கும்!

பழகும் இடம் டிரெட்மில். பாதி எடையை மேலிருந்து தொங்கும் பட்டை தாங்கிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினால் காரியம் கெட்டது. நீட்டுகிற தசையும் மடக்குகிற தசையும் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கும். அம்மா ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் கூப்பிட்ட பிள்ளை மாதிரி முழங்கால் விறைத்து நிற்கும். ஒரு தசையை இறுக்கும்போது இன்னொன்றைச் சும்மா விடணும். அந்தச் 'சும்மா'தான் கஷ்டமான பாடம். பக்கத்தில் இருக்கும் சிகிச்சையாளர் திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்து, மோட்டாரின் உதவியைக் கூட்டிக் குறைப்பார்.

அடிபட்டு ரொம்ப நாளான எட்டுப் பேரை வைத்து இங்கே செய்த பரிசோதனை 2014-ல் வெளியானது. வாரம் ஐந்து நாள் வீதம் 90 நாள் பயிற்சி. கடைசியில் மெஷினைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னார்கள். முன்னைவிட வேகமும் தூரமும் நன்றாகவே கூடியிருந்தது!

மந்திரம் இல்லை சார். கைத்தாங்கல் வண்டியை விடமுடியாதவர்கள் உண்டு. தசையில் முனகல்கூட இல்லாதவருக்கு இந்த முறை உதவாது. முதல் நாள் எலெக்ட்ரோடு ஒட்டி, திரையில் கோடு துள்ளுகிறதா என்று காத்திருக்கும் அந்த நிமிஷம் இருக்கிறதே... பரீட்சை ரிசல்ட்டெல்லாம் அதற்கு முன்னால் தூசு.

சக்கரக்கால் நடிகர் சக்கரத்தைக் கழற்றினால் அன்றைய வேஷம் முடிந்தது. ஹால் கட்டினவருக்கோ, கழற்றின பிறகுதான் ஆட்டமே ஆரம்பம்!